கை படாத தண்ணீர்

வீட்டுக்கு ஒரு செம்பு என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் கொண்டுவந்து ஊற்றியதில், காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டு மணி அடிக்கும் நேரத்துக்கு வாளி முக்கால் நிறைந்திருந்தது. அந்தக் கிழமை முழுக்கத் தண்ணீர் வண்டி, பௌசர், வரவில்லை. எல்லார் வீட்டிலும் சோற்றுக்கும் குடிக்கவும் மூடி வைத்திருந்த தண்ணீர் அது. மாயாண்டியின் மனைவி செம்பைக் கவிழ்த்த பிறகு, உள்ளே ஒட்டியிருந்த சொட்டையும் விரலால் வழித்து வாளிக்குள் உதறினாள். என் மனைவி வேலாயி வீட்டு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் பெஞ்சின் மேல் கிடந்தாள். முதல் நாள் அந்தியில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். அதற்குக் கீழே முகம் மஞ்சளாகவே இருந்தது, உள்ளேயிருந்து வந்த மஞ்சள். அவளைக் கழுவத்தான் அந்த வாளி. உயிரோடு இருந்தபோது முழு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி அவள் குளித்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

சாவு விழுந்தால் தோட்டத்தின் மேல்பிரிவான எங்கள் மேக்கணக்கில் அன்று யாரும் வேலைக்கு மலையில் இறங்குவதில்லை. ஆம்பிளைகள் வாசலில் குந்தியிருந்தார்கள். மாயாண்டி சருகைக் கூட்டித் தீ வைத்து, அதில் தப்பைக் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்த நாளிலிருந்து அவன் என் கூட்டாளி. சொந்தமில்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். தப்பை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“கழுவுறதுக்கு இது போதும் மச்சான். நீர்மாலைக்கு எங்க போறது?”

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். செத்தவர்களைக் கழுவி முடித்த பிறகு கடைசியாகத் தலையில் ஊற்ற ஒரு குடம் தண்ணீர் வேண்டும். மகன்தான் எடுத்துவர வேண்டும். தப்பு முழங்க, தலைக்கு மேல் நாலு பேர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, ஓடுகிற ஊற்றில் மோந்து, குடத்தைத் தரையில் வைக்காமல், திரும்பிப் பார்க்காமல் கொண்டுவர வேண்டும். அதுதான் நீர்மாலை. அது ஊற்றாமல் தூக்கினால் செத்தவர்கள் தாகத்தோடு போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். எங்கள் தோட்டத்தில் அந்தக் குடம் எப்போதும் மலைக்கு மேலே இருக்கிற கன்னிமார் ஊற்றிலிருந்துதான் வந்தது. என் அப்பாவுக்கு நான் கொண்டுவந்தேன். வேலாயியின் அம்மாவுக்கு அவள் அண்ணன் கொண்டுவந்தான்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். “இருக்கிற நெலம அப்பிடி. பௌசர் தண்ணியிலயே ஒரு கொடம் ஊத்திட்டா என்ன? சாமி கோவிச்சிக்கவா போகுது?”

“தலைவரே, நீங்க போற அன்னிக்கி சங்கத்துச் சந்தாவுல குளிப்பாட்டுறோம். இப்ப கொஞ்சம் சும்மா இருங்க,” என்றான் மாயாண்டி.

சிரிக்கக்கூடாத இடத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, வேலாயி கிடந்த பக்கம் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போனது. பனி விலகிக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே கம்பி வேலியும் அதற்குள் நீலக் கூரையும் தெரிந்தன.

அந்த இடத்தில் முன்பு கன்னிமார் என்று ஏழு கற்கள்தான் இருந்தன. பாறை இடுக்கிலிருந்து ஊற்று வரும். கற்களின் அடி முங்கச் சுற்றிலும் சின்னக் குளம் போல நிற்கும். நிறைந்து வழிந்து, தேயிலைக்குள் இறங்கி, லயத்துக்கு மேலே குழாய் போல நீட்டிய பீலியில் வந்து விழும். பீலியில்தான் நாங்கள் குளித்தோம், துவைத்தோம், குடித்தோம். மேலே ஊற்றில் ஒருவரும் கை நனைக்க மாட்டோம். ஊற்று கன்னிமாருடையது, பீலி நம்முடையது. இரண்டும் ஒரே தண்ணீர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அப்படிச் சேர்த்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமைகளில் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு வேலாயி மேலே ஏறிப்போய், கற்களைக் கூட்டித் துடைத்து விளக்கு வைத்துவிட்டு வருவாள். யாரும் அவளை வைக்கச் சொன்னதில்லை. அவள் அம்மா வைத்தாள், அவளும் வைத்தாள்.

ஒருநாள் வெள்ளை ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். அன்று பக்கத்து மலையில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த நான் ஜீப்பைக் கண்டு அங்கே போனேன். வேலாயி கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கையில் அளக்கிற சாமான்கள் இருந்தன. அவர்களில் பெரியவர் சிங்களத்தில் கேட்க, கூட வந்த தமிழ்ப் பிள்ளை எங்களுக்குச் சொன்னது.

“இந்த ஊத்துத் தண்ணிய நீங்க பாவிக்கிறீங்களான்னு கேக்குறாரு.”

வேலாயி பதறிப்போனாள். “ஐயய்யோ, இல்லீங்க! செருப்புக் கால்கூட இங்கிட்டு வைக்க மாட்டோம். இதுல மனுசக் கை படக்கூடாதுங்க. ஒரு சொட்டு எடுக்க மாட்டோம்.”

“எப்பவுமே எடுக்கிறதில்லையா?”

“செத்தவுகளுக்கு மட்டும் ஒரு கொடம். அதுவும் வாயில துணி கட்டிக்கிட்டுத்தான் மோருவாங்க. மூச்சுக்காத்துக்கூட படாது.”

அந்தப் பிள்ளை அதைச் சிங்களத்தில் சொன்னதும் பெரியவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். கோயிலைக் காபந்து பண்ண அரசாங்கத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று வேலாயி நினைத்துவிட்டாள். ஓடிப்போய் எல்லாருக்கும் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். பீலித் தண்ணீரில் போட்ட சாயத்தண்ணி. அவர்கள் குடித்துவிட்டு, நல்ல ருசி, நல்ல ருசி என்று சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். பீலியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வேலி வந்தது. தோட்டம் ஒரு கம்பெனியுடையது, காணி அரசாங்கத்துடையது, ஊற்றுக் குத்தகை இன்னொரு கம்பெனிக்கு. இதில் எங்களுடையது என்று சொல்ல இடையில் ஒன்றும் இல்லை. கூரை ஏறிய நாளில் பீலித் தண்ணீர் நூலாக மெலிந்தது. அடுத்த வெயிலில் சொட்டாகி நின்றுவிட்டது. இந்த மலையிலிருந்து தேயிலை கப்பலேறுகிறது. கீழே அணை கட்டிக் கரண்டு எடுக்கிறார்கள். இப்போது தண்ணீரும் போத்தலில் அடைபட்டு லொறியேறியது. நாங்கள் லயத்துக்குக் கீழே ஓடும் கழிவுநீர்க் கானில் இறங்கினோம். மேலே போத்தல் கழுவிய தண்ணீரும், மாட்டுக் கொட்டில் கழுவிய தண்ணீரும் கலந்து வருகிற கான் அது. வேலாயி துணியால் வடித்து, விறகு இருந்தால் கொதிக்க வைத்துத் தருவாள். மழைக்காலத்தில் விறகு ஏது? பௌசர் வருகிற நாட்களில் அவளும் மற்றப் பெண்களும் வரிசையில் நின்று ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். ஒரே கொழுந்துக் கூட்டத்தில் காலமெல்லாம் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றவர்கள்.

“நான்தான் சொன்னேன்,” என்பாள் அடிக்கடி. “நான்தான் வாய் கொழுத்துப்போய் ஒரு சொட்டும் எடுக்க மாட்டோம்னு சொன்னேன்.” நீ சொல்லாவிட்டாலும் அவர்கள் எடுத்துத்தான் இருப்பார்கள் என்று நான் சொல்வேன். அவள் கேட்க மாட்டாள்.

வெறுங்குடங்களோடு போய் அந்தக் கம்பெனி கேட்டில் குந்தினோம். சத்தம் போட்டோம், அவ்வளவுதான். பொலிஸ் வந்து என்னையும் மாயாண்டியையும் தலைவரையும் ஏற்றிக்கொண்டு போனது. இப்போது பிணையில் இருக்கிறோம். வழக்கு முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் வேலிப் பக்கம் போகக்கூடாது. போனால் பிணை போய்விடும். எல்லைக்கு ஒரு சவுக்கு மரத்தைக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து லோயர், ஊற்றுக்குப் போகிற பழைய பாதையைத் திறந்துவிடச் சொல்லி வழக்கில் கேட்டிருக்கிறார். அந்தப் பாதையும் அந்த ஊற்றும்தான் லயத்தில் எல்லாருக்கும் இருக்கிற ஒரே நம்பிக்கை.

என் மகன் ஜீவராஜ் அதே கம்பெனியில் போத்தல் பெட்டி ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தபோது, லயத்தில் சிலர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. அவனை அனுப்பியது வேலாயிதான். “கன்னிமாருக்குப் பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கட்டும்,” என்றாள். அவன் வேலை முடிந்து வந்ததும் சோறு போடுவதற்கு முன்னால் கேட்பாள், “வெளக்கு வச்சியாடா?” “வச்சேம்மா.” “பாசி புடிச்சிருக்கா?” “தொடச்சிட்டேம்மா.” “தண்ணி பழயபடி நிக்கிதா?” “கல்லு முங்க நிக்கிதும்மா.” அதைக் கேட்ட பிறகுதான் அகப்பையைச் சோற்றுக்குள் விடுவாள். ஆஸ்பத்திரியில் கண் முழுக்க மஞ்சள் ஏறிக் கிடந்தபோதும் கேட்டாள். தண்ணீரால் வந்த வியாதி என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்க, அவள் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லு முங்க நிக்கிதா என்று கேட்டாள். நிக்கிதும்மா என்றான்.

நாங்கள் அந்த வேலியையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஜீவராஜ் மேலே இருந்து வந்தான். லீவு சொல்லப் போனவன். கம்பெனிச் சட்டையோடு, தோளில் ஒரு பெட்டி. கண்ணாடித்தாள் சுற்றிய தண்ணீர்ப் போத்தல்கள். அவன் அதைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான்.

“கம்பெனி மாத்தியா குடுத்தாருப்பா. அம்மாவுக்குன்னு சொல்லி. அவரும் வருத்தப்பட்டாரு.”

நான் ஒரு போத்தலை எடுத்துப் பார்த்தேன். சுற்றியிருந்த தாளில் எங்கள் மலை இருந்தது. பச்சைப் பசேலென்று தேயிலை, மேலே வானம், பாறையிலிருந்து விழுகிற தண்ணீர். லயம் இல்லை. மூன்று பாஷையில் எழுதியிருந்ததில் தமிழ்தான் சிறிது. நான் எழுத்துப் படித்ததே மயிர் நரைத்த பிறகு. அதனால் வாய்க்குள் கூட்டித்தான் படிக்க முடிந்தது. மனிதக் கை படாத இயற்கை ஊற்று நீர். இரண்டாம் தரம் படித்தேன். வேலாயி அந்தப் பெரியவருக்குச் சொன்ன வார்த்தை அது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. இந்தத் தாளை எத்தனை தரம் பார்த்திருப்பாள், அது தன் வாயிலிருந்து போனதுதான் என்று தெரியாமலே.

“எடுத்துக்கிட்டுப் போ,” என்றேன்.

“அதே தண்ணிதான்பா.”

“அதே தண்ணின்னா ஒங்கம்மா ஏன் ஒரு மொடக்கு குடிக்கல? நீ ஒடஞ்சது நசுங்கினதுன்னு எத்தன போத்தல் கொண்டாந்து வச்ச? தொட்டாளா? அடச்சி வச்ச கன்னிமார குடிக்க மாட்டேன்னு கானுத் தண்ணிய குடிச்சில்ல செத்தா?”

சத்தம் போட்டுவிட்டேன் போல. வாசலில் பேச்சு நின்றது. ஜீவராஜின் மனைவி நிலக்ஷி, வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவள், குனிந்து பெட்டியைப் பிடித்து இழுத்து வீட்டுக்குள் கொண்டுபோனாள். பின்பக்கமாகத் தூக்கி வெளியே போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

மாயாண்டி எழுந்து வந்தான். “தம்பி, நாங்க அந்தப் பக்கம் போனா உள்ள தள்ளிருவாங்க. ஒனக்கு கேட்டு தொறக்கும்ல? நீ போயி ஒரு கொடம் மோந்துக்கிட்டு வந்துரு. நாங்க சவுக்கு மரத்துல நிக்கிறோம்.”

ஜீவராஜுக்கு நெற்றியில் வேர்த்தது. அவ்வளவு குளிரில்.

“வெளியாளுங்கள ஊத்துப் பக்கம் விடமாட்டாங்க மாமா.”

“நீ வெளியாளாடா?”

“வேல போயிரும்னு பாக்குறான்,” என்று யாரோ பின்னால் சொன்னார்கள். “அம்மா கெடக்கு, இவன் சம்பளத்த பாக்குறான்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். நிலக்ஷி வாசற்படியில் வந்து நின்று அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. அவன் கம்பெனிச் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். தலைக்கு அந்த வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொண்டான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குடத்தை வாங்கினான்.

மேலே ஏறினோம். மாயாண்டி முன்னால் தப்படித்துக்கொண்டு போனான். வேட்டியை விரித்துப் பிடித்த நாலு பேர், அதற்குக் கீழே வெற்று மார்போடு குடத்தை ஏந்தி ஜீவராஜ், பின்னால் நான், எனக்குப் பின்னால் லயத்து ஆம்பிளைகள். தேயிலைக்கு நடுவே அந்தப் பாதையில் புல் மண்டிவிட்டது. வேலாயி வெள்ளிக்கிழமை தவறாமல் நடந்திருந்தால் அது அப்படி மண்டியிருக்காது. சவுக்கு மரம் வந்ததும் எல்லாரும் நின்றோம். எல்லை எங்கள் மூன்று பேருக்குத்தான். மற்றவர்களைப் போகக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவரும் மரத்தைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. ஜீவராஜ் மட்டும் போனான். அவன் தலைக்கு மேல் இருந்த வேட்டி அங்கேயே நின்றுவிட்டது.

தூரத்தில் கேட்டில் காவலுக்கு நின்ற சோமபால தெரிந்தார். கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆள், வயது போனவர். அவர் ஜீவராஜிடம் ஏதோ கேட்டார். இவன் குடத்தைக் காட்டினான். அவர் உள்ளே கூரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சின்ன கேட்டைத் திறந்துவிட்டார். “நல்ல மனுசன்,” என்றார் தலைவர். ஜீவராஜ் நீலக் கூரைக்குப் பின்னால் மறைந்தான். மாயாண்டி தப்பை நிறுத்தவே இல்லை. லயத்திலிருந்து பார்த்தால் வேலியும் கூரையும்தான் தெரியும். அங்கிருந்தும் அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் எல்லாரும் அதற்குப் பின்னால் இருக்கிற கற்களையும் அவற்றைச் சுற்றி நிற்கிற தண்ணீரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஒரு ஆள், தன் தகப்பனுக்கு நீர்மாலை எடுத்த அன்று தண்ணீருக்குள் நண்டு ஊர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜீவராஜ் வர நேரமாயிற்று. வந்தபோது குடம் தோளில் இருந்தது. குடத்தின் வாயை ஈர வேட்டித் துணியால் மூடிக் கட்டியிருந்தான். முறைப்படி தன் வாயிலும் துணி கட்டியிருந்தான். கூட்டத்தில் பெருமூச்சு விட்டார்கள். வேட்டி மறுபடி அவன் தலைக்கு மேலே வந்தது. மாயாண்டியின் குச்சி ஒரு அடி தவறியது, உடனே பிடித்துக்கொண்டது. நாங்கள் இறங்கத் தொடங்கினோம்.

அந்த இறக்கத்தில் கல்படிகள் உயரம் உயரமாக இருக்கும். நிறைகுடத்தோடு இறங்கினால் எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் தளும்பித் தோள் நனையும். அப்பாவுக்கு எடுத்தபோது எனக்கு முழங்கை வரைக்கும் ஈரம். ஜீவராஜின் தோள் காய்ந்திருந்தது. முதுகில் ஓடியது வேர்வை. காலை ஊன்றி வைப்பதற்குப் பதிலாக விரல் நுனியில் வைத்து வைத்து இறங்கினான். பாரம் இருப்பது போலக் கழுத்தை மட்டும் சாய்த்துக்கொண்டிருந்தான். நான் வேட்டிக்குக் கீழே புகுந்து அவன் பக்கத்தில் போனேன். தப்புச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது.

“என்னடா?”

வாயில் கட்டிய துணிக்குள்ளிருந்து சொன்னான். “நடங்கப்பா.”

“என்னடா இது?”

“ஊத்து இல்லப்பா.” அவன் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நடந்தான். “பாறைய ஒடச்சி சிமெண்டு போட்டு மூடி, மேல இரும்பு மூடி வச்சி பூட்டியிருக்காங்க. கொடம் முக்க எடமில்ல. குழாய் நேரா மெசினுக்குப் போகுது.”

“கன்னிமாரு?”

“ஆபீசுக்கு முன்னுக்கு. பூச்சாடிக்குப் பக்கத்துல. பெயிண்ட் அடிச்சி வச்சிருக்காங்க, வாரவங்க போட்டோ புடிக்க.”

“எப்ப இருந்து?”

“நான் போன மொத நாளே அப்பிடித்தான்.”

ஒரு படி தவறினேன். பின்னால் வந்தவன் என் தோளைப் பிடித்தான். துக்கத்தில் தடுமாறுகிறேன் என்று நினைத்திருப்பான். முதல் நாளிலிருந்தே. அப்படியென்றால் ஒவ்வொரு அந்தியும் அவன் வாசலில் நின்று, விளக்கு வைத்தேன், பாசி துடைத்தேன், கல்லு முங்க நிற்கிறது என்று சொன்னதெல்லாம். அதைக் கேட்டு அவள் அகப்பையை எடுத்ததெல்லாம். லோயர் கேட்கிற பாதை எங்கே போய் முடிகிறது?

“குழாயில புடிச்சிருக்கலாமேடா.”

“எங்களுக்குத் தொறக்கிறது கக்கூஸ் குழாய் ஒண்ணுதான்பா.” அவன் குடத்தைத் தோளோடு இறுக்கிக்கொண்டான். “அங்க போயி கொடத்த வச்சேன். முடியலப்பா. அம்மாவுக்கு அத எப்பிடிப்பா...”

எனக்குப் பின்னால் லயமே வந்துகொண்டிருந்தது. நண்டைப் பற்றிச் சொன்னவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இடத்திலேயே குடத்தைப் பிடுங்கி, தலைகீழாகக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டியிருக்கலாம். காட்டியிருக்க வேண்டுமோ என்னவோ. பெஞ்சில் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“கொடத்தக் கீழ வச்சிராத,” என்று மட்டும் சொன்னேன்.

இஸ்தோப்பைச் சுற்றிச் சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். செம்புச் செம்பாய்ச் சேர்ந்த வாளித் தண்ணீரில் வேலாயியைக் கழுவி முடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, முந்தானையால் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலைமயிர் ஈரமாக முதுகில் ஒட்டிக் கிடந்தது. நீர்மாலை வந்திருச்சி, நீர்மாலை வந்திருச்சி என்று பெண்கள் குலவையிட்டு அழுதார்கள். மாயாண்டி சேலை மறைப்புக்கு வெளியே வாசலில் நின்று தப்பைக் குறைத்து அடித்தான். கடைசித் தண்ணீர் ஊற்றும்போது தப்பு மெலிந்து நிற்பதுதான் முறை. அப்போதுதான் தண்ணீர் தலையில் விழுகிற சத்தம் எல்லார் காதிலும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் கும்பிடுவார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்கக்கா. கடைசித் தண்ணி வீட்டாளுங்க ஊத்துறோம்,” என்று நிலக்ஷி கழுவின பெண்களை அனுப்பிவிட்டாள். சேலைக்குள் நாங்கள் மூன்று பேரும் வேலாயியும்தான்.

நிலக்ஷி குடத்தைப் பார்க்கவே இல்லை. நேராக மூலைக்குப் போய் ஒரு சாக்கை விலக்கினாள். அந்தப் பெட்டி அங்கே இருந்தது. கண்ணாடித்தாளை ஏற்கெனவே கிழித்து வைத்திருந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேலைக்குப் போன முதல் நாளே அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களுமாக அதை மூடி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவள் ஒரு போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“மாமா,” என்றாள் மெதுவாக. “அத்தைக்குத் தாகமா இருக்கும்.”

போத்தலை வாங்கினேன். காலையில் எடுத்துக்கொண்டு போ என்று கத்திய வாய் இப்போது காய்ந்துகிடந்தது. வேலாயியின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வெள்ளிக்கிழமை களைத்துப்போய்த் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்கிற மாதிரி. ஜீவராஜ் குடத்தின் துணியை அவிழ்த்துப் பிடித்தான். நான் மூடியைத் திருகினேன்.

டக்கென்று உடைந்தது.

புதுப் போத்தல் திறக்கிற சத்தம் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. வெளியே தப்பு மெலிந்திருந்தது. அழுகையும் மூச்சுவாங்க நின்றிருந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்துக்காகக் கைகூப்பிக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை வாசலில் இருந்த யாரும் கேட்காமல் இருந்திருக்க முடியாது. என் கை அப்படியே நின்றது. ஜீவராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

மாயாண்டியின் தப்பு எழும்பியது.

முறை தெரிந்தவன். நிறுத்த வேண்டிய இடத்தில் எழுப்பினான். ஊர்வலத்துக்கு அடிக்கிற அடி, தேர் இழுக்கிற அடி, அதற்கும் மேலே, தோல் கிழியட்டும் என்று. “என்ன மாயாண்டி, பைத்தியமா? நிறுத்து, தண்ணி ஊத்தப் போறாங்க!” என்று தலைவர் கத்துவது அதற்குள் அமுங்கிக் கேட்டது. அவன் நிறுத்தவில்லை. அவனும் படியில் இறங்கும்போது திரும்பி இவன் காய்ந்த தோளைப் பார்த்திருக்கிறான்.

நான் அடுத்ததைத் திருகினேன். அதற்கடுத்ததை. நிலக்ஷி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் திறந்தேன். ஜீவராஜ் பிடித்த குடத்துக்குள் தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது. நீல மூடிகளைக் கீழே போட்டால் உருளும் என்று வேட்டி மடிக்குள் போட்டுக்கொண்டேன். குடம் நிறைந்ததும் ஜீவராஜ் அதைத் தூக்கி அம்மாவின் தலையில் ஊற்றினான். தண்ணீர் நெற்றியில் பிரிந்து, மூடிய கண்களின் மேல் இறங்கி, உதட்டோரத்தில் கொஞ்சம் நின்று, கழுத்து வழியாகப் போனது. பிறகு என் முறை. ஊற்றினேன். நாற்காலிக்குக் கீழே தேங்கி, இஸ்தோப்புச் சிமெண்டில் வழி பார்த்து, சேலை மறைப்புக்கு அடியால் வாசலுக்கு ஓடியது. வெளியே நின்றவர்கள் அதைக் கண்டதும் கைகூப்பினார்கள் போல. அன்னிக்கு மாதிரியே கண்ணாடியா இருக்கு பாரு, என்று ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னது காதில் விழுந்தது.

குடம் காலியாகிவிட்டது. பெட்டியும் காலி. நிலக்ஷி போத்தல்களைச் சாக்கில் அமுக்கி வாயைச் சுருட்டினாள். ஜீவராஜ் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டான். இனி மறைப்பை விலக்க வேண்டியதுதான். மடியில் மூடிகள் அசைந்தன. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திறக்க இன்னும் எத்தனை மூடி என்று மாயாண்டிக்குத் தெரியாது. அவன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தான்.